பெயர் வந்த இடம், குரல் வந்த இடம்

1

பொன்னேரியில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் நண்பர் ஒருவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில், ஷிப்ட் சூப்பர்வைசர். இலக்கியத்தோடு அவருக்குச் சம்பந்தம் எதுவும் இல்லை. நம் மாதிரிச் சிறுபத்திரிகை ஒன்றை ஒருமுறை அவரிடம் கொடுத்தேன். அட்டையிலிருந்து பின்னட்டை வரை நிதானமாகப் புரட்டிவிட்டு, 'இதுல பாலு பேரு எங்கியும் வரலியே சார்' என்று திருப்பிக் கொடுத்தார். கேலி என்று நினைத்தேன். கேலி இல்லை. அவர் எதைப் படித்தாலும் அதைத்தான் தேடுகிறார்.

பாலு என்பது எஸ்.பி. பாலசுப்ரமணியம். நண்பரிடம் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. தேதி, இடம், எதில் வந்தது, யார் சொன்னது என்று நான்கு கட்டங்கள். பாட்டுகளின் பட்டியல் அல்ல இது. பாட்டுகளைப் பட்டியல் போடுகிறவர்கள் வேறு ரகம். பாலசுப்ரமணியத்தின் பெயர் வர வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் வந்திருந்தால் அது மட்டுமே இந்த நோட்டில் ஏறும். வாரப் பத்திரிகையின் சினிமாப் பக்கத்தில் வந்தால் ஏறாது. குறுக்கெழுத்துப் போட்டியில் இடமிருந்து வலமாக வந்தால் ஏறும். துப்பறியும் நாவலில் கொலைகாரன் காரில் கேட்டுக்கொண்டு போகும் கேசட்டில் வந்தால் ஏறும். சர்க்கரை வியாதி பற்றிய ஒரு டாக்டரின் கட்டுரையில், யாரோ ஒரு நோயாளி ஆபரேஷன் மேஜையில் யார் பாட்டைப் போடச் சொன்னார் என்று வந்தது ஏறியிருக்கிறது. 2013-ல் வந்த 'சென்னை எக்ஸ்பிரஸ்' என்ற இந்திப் படத்தின் தலைப்புப் பாட்டு ஏறவில்லை. பாடகர் பாடுவதில் எதிர்பாராதது என்ன இருக்கிறது என்பது நண்பரின் கட்சி. ஆனால் அட்டன்பரோவின் 'காந்தி'யைத் தெலுங்கில் பேசவைத்தபோது பென் கிங்ஸ்லிக்குக் குரல் கொடுத்தவர் பாலசுப்ரமணியம் என்ற செய்தியை, சூளூர்ப்பேட்டையிலிருந்து வேலைக்கு வரும் ஒருவர் தெலுங்குப் பேப்பரில் காட்டிய அன்று, அது சிவப்பு மசியில் ஏறியிருக்கிறது. 'தசாவதாரம்' படத்தில் கமலின் பத்து வேஷங்களில் ஏழுக்குத் தெலுங்கில் பேசியவர் அவர்தான் என்பதும் அதே பக்கத்தில்.

ரயிலில் வரும்போதே சில நாள் போன் வரும். 'சார், இன்னிக்கு ஒண்ணு மாட்டிச்சு.' மீன் மாட்டினாற் போலச் சொல்வார்.

நண்பரின் ஈடுபாட்டில் மண்ணின் பங்கும் கொஞ்சம் உண்டு. பாலசுப்ரமணியம் பிறந்தது பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கோனேட்டம்பேட்டையில், 1946-ல். 2020 செப்டம்பர் 25-ல் சென்னையில் இறந்து மறுநாள் அடக்கமானது தாமரைப்பாக்கத்தில் தன் பண்ணை வீட்டில். இரண்டும் இன்றைய திருவள்ளூர் மாவட்டம். அவர் பிறந்தபோது இந்த மாவட்டம் கிடையாது. திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரம் 1960-ல்தான் ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு மாறியது. மாவட்டம் 1997-ல் ஏற்பட்டது. எல்லைக்கோடு இங்குமங்குமாக நகர்ந்த ஒரு நிலத்தில் பிறந்த குரல், கோட்டைப் பற்றிக் கவலைப்படாமல் இரண்டு பக்கமும் போயிற்று. கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டினால் தடா. டீக்கடையில் ஓடும் பாட்டின் பாஷை மாறும், குரல் மாறாது.

இந்த நோட்டைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது நம்மைப் போன்றவர்களின் முதல் உந்துதல். அந்த உந்துதலை நம்பக்கூடாது.

2

பின்னணிப் பாடகனின் பெயரைத் தேடுவது அற்ப ஆசையாகத் தொடங்கியதல்ல. அது ஒரு நியாயத்துக்கான தேடலாகத் தொடங்கியது.

1949-ல் 'மஹல்' என்ற இந்திப் படம் வந்தது. அதன் புகழ்பெற்ற பாட்டின் இசைத்தட்டில் பாடியவர் பெயராக அச்சாகியிருந்தது 'காமினி'. காமினி என்று ஒரு பாடகி கிடையாது. அது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். கேட்டவர்கள் யார் பாடியது, யார் பாடியது என்று வானொலி நிலையத்தைக் குடைந்தெடுத்தார்கள். பிறகுதான் லதா மங்கேஷ்கர் என்ற பெயர் வெளியே வந்தது. பிலிம்பேர் விருதுகள் ஏற்பட்டபோது பின்னணிப் பாடகருக்கு அதில் இடமில்லை. 1959-ல்தான் இடம் கிடைத்தது, அதுவும் லதா சண்டை போட்டபின். மத்திய அரசின் திரைப்பட விருதில் 1967-ம் வருஷப் படங்களிலிருந்துதான் பாடகருக்குப் பரிசு. பாடகி என்று முதன்முதலில் அதைப் பெற்றவர் 'உயர்ந்த மனிதன்' படத்துக்காக நம் பி. சுசீலா.

இதெல்லாம் எதைக் காட்டுகிறது? ஒருவர் வாயசைக்க, இன்னொருவர் பாட, பார்க்கிறவன் அந்த முகத்துக்கே அந்தக் குரலைத் தாரை வார்த்துவிடுகிற ஒரு ஏற்பாட்டில், பாடியவனின் பெயர் தானாக வெளியே வராது. யாராவது கேட்டால்தான் வரும். கேட்டவன் ரசிகன். நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே பழக்கியது இலங்கை வானொலி. பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் அறிவிப்பாளர் சொன்ன பெயர்களில்தான் எங்கள் தலைமுறைக்கு, திரையில் இல்லாத ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே உறைத்தது. படம் பார்க்கப் போகும்போது எம்.ஜி.ஆர். பாட்டு, ரேடியோவில் கேட்கும்போது பாலசுப்ரமணியம் பாட்டு. இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சாத்தியமாக்கியது ரசிகனின் பிடிவாதம்.

எம்.ஜி.ஆர். என்றதும் ஞாபகம் வருகிறது. 'அடிமைப்பெண்'ணுக்காகப் (1969) பாட இருந்த இளைஞர் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட, வேறொருவரை வைத்து முடித்துவிடாமல் எம்.ஜி.ஆர். காத்திருந்த கதையைப் பாலசுப்ரமணியம் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். எம்.ஜி.ஆருக்குப் பாடப்போகிறேன் என்று நண்பர்களிடம் அந்தப் பையன் சொல்லியிருப்பான், பாட்டு இல்லையென்றால் அவன் முகம் என்ன ஆவது என்பதுதான் காத்திருந்ததற்குக் காரணமாம். கதையை எம்.ஜி.ஆரின் பெருந்தன்மைக்கு உதாரணமாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் படுவது வேறு. பாட்டு வெளிவருவதற்கு முன்பே பெயர் புறப்பட்டுவிட்டது என்பதும், அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பு உண்டு என்று சினிமாவின் உச்சியில் இருந்தவருக்கே தெரிந்திருந்தது என்பதும்.

ஆகவே நண்பரின் நோட்டுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. முகத்துக்குப் போய்ச் சேர்ந்த புகழைக் குரலுக்குத் திருப்பித் தரும் சரித்திரம். குறுக்கெழுத்தில் பெயர் வந்தால் அவர் மகிழ்வது, ஒரு பழைய கடன் கொஞ்சம் அடைபட்டது என்ற மகிழ்ச்சி.

3

ஆனால் கடன் அடைந்தபின்னும் வசூல் நடந்துகொண்டிருக்கிறது என்பதுதான் விஷயம். பாலசுப்ரமணியத்தின் பெயர் இனி யாரும் மீட்டெடுக்க வேண்டிய பெயர் அல்ல. நான்கு பாஷைகளில் ஆறு தேசிய விருது. இறந்தபின் 2021-ல் பத்ம விபூஷண். பெயர் எங்கும் இருக்கிறது. எங்கும் இருக்கும் ஒன்றை எதிர்பாராத இடத்தில் கண்டேன் என்று குதிப்பதில், இப்போது தேடப்படுவது நியாயம் அல்ல, வேறு ஏதோ.

இது நண்பர் ஒருவரின் நோய் அல்ல. நம் பத்திரிகைகளில் அடிக்கடி காணும் ஒரு தலைப்பை நினைத்துப் பாருங்கள்: வெளிநாட்டுப் படத்தில் நம் பாட்டு. 1997-ல் கார்னர்ஷாப் என்ற ஆங்கிலக் குழு ஆஷா போன்ஸ்லேயின் பெயரை வைத்து ஒரு பாட்டுப் பாடியது. அடுத்த வருஷம் அது வேறு கைவண்ணத்தில் இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வந்தது. இங்கே அது ஆஷாவுக்குக் கிடைத்த மகுடமாகக் கொண்டாடப்பட்டது. 2001-ல் 'கோஸ்ட் வேர்ல்ட்' என்ற அமெரிக்கப் படம், 1965-ன் இந்திப் படமான 'கும்நா'மிலிருந்து முகமது ரஃபியின் பாட்டோடு தொடங்குகிறது. படத்தின் நாயகி, ஊரோடு ஒட்டாத பெண், டெலிவிஷனில் அந்தப் பாட்டைப் பார்த்துக்கொண்டு தன் அறையில் தனியாக ஆடுகிறாள். ரஃபி யார் என்று அவளுக்குத் தெரியும் என்பதற்குப் படத்தில் ஒரு சாட்சியும் இல்லை.

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. நம்மவர்கள் இரண்டையும் ஒரே பட்டியலில்தான் போடுவார்கள். ஆனால் நடந்தது வேறு வேறு. முதலாவதில் பெயர் வந்தது, குரல் வரவில்லை. அந்தப் பெயர் அங்கே ஒரு குடிபெயர்ந்த வீட்டின் ஞாபகம். அந்தப் பையன்களுக்கு அது தேவையாக இருந்தது, நியாயமாகவே. இரண்டாவதில் குரல் வந்தது, பெயர் வரவில்லை. வந்த குரல் ஒரு பெண்ணைத் தூக்கத்திலிருந்து எழுப்பி ஆட வைத்தது. எது பெரிய நிகழ்ச்சி? சந்தேகமில்லாமல் இரண்டாவது. நமக்கு எது அதிக சந்தோஷம் தருகிறது? சந்தேகமில்லாமல் முதலாவது. ஏனென்றால் பெயர் ஒரு சான்றிதழ். நாம் ரசித்தது சரிதான் என்று வெளியிலிருந்து ஒருவன் கையெழுத்துப் போட்டுத் தருகிறான். நம் காதின் மேல் நமக்கு நம்பிக்கை இல்லாததன் அடையாளம் அந்தச் சந்தோஷம்.

4

சென்ற கோடையில் நடந்தது ஒன்று. நண்பர் சொன்னது.

சிப்காட்டில் இப்போது பாதிக்கு மேல் பாஷைகள் வடக்கிலிருந்து வருகின்றன. நண்பரின் ஷிப்டில் மோல்டிங் பகுதியில் ஒரு பீகார்ப் பையன். இரவு ஷிப்ட் சாப்பாட்டு வேளை. காண்டீனுக்கு வெளியே சிமென்ட் திட்டில் உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு, போனில் ஒரு பாட்டைப் போட்டிருக்கிறான். 1989-ல் வந்த 'மைனே ப்யார் கியா' பாட்டு. அந்தப் படம் வந்தபோது அவன் பிறந்திருக்க மாட்டான். ஒரு கவளம் எடுப்பதும், நிறுத்துவதும், ஒரு குறிப்பிட்ட இடம் வந்ததும் விரலால் பின்னுக்குத் தள்ளி அதையே மறுபடி கேட்பதுமாக இருந்திருக்கிறான். சோறு ஆறிக்கொண்டிருந்தது. நண்பர் போய்ப் பக்கத்தில் நின்றிருக்கிறார்.

'யே கானா கௌன் காயா, மாலூம்?' என்று தன் காண்டீன் இந்தியில் கேட்டிருக்கிறார்.

'சல்மான் பாட்டு சார்' என்றிருக்கிறான் அவன், அவனுடைய சிப்காட் தமிழில்.

'சல்மான் இல்லடா. எங்க பாலு. இதே ஜில்லாக்காரரு.'

பையன் 'அச்சா' என்று தலையாட்டிவிட்டு மறுபடி அந்த இடத்துக்கே தள்ளிக் கேட்டானாம். பெயரைத் தெரிந்துகொண்டதால் அவனுக்குப் பாட்டில் ஒன்றும் கூடவில்லை. தெரியாததால் இதுவரை ஒன்றும் குறையவும் இல்லை. அவன் திரும்பத் திரும்பக் கேட்டது எந்த இடம் என்று நான் நண்பரைக் கேட்டேன். நண்பர் யோசித்துவிட்டு, அடி முடிந்து அடுத்த அடி எடுப்பதற்கு முன்னால் லேசாகச் சிரிக்கிற மாதிரி ஒரு இடம் என்றார். பிறகு அவரே ஆச்சரியப்பட்டார்: 'நான் அந்தப் பாட்டை ஆயிரம் வாட்டி கேட்டிருக்கேன் சார், அந்த இடத்த அன்னிக்குத்தான் கேட்டேன்.'

'நோட்டுல எழுதினீங்களா?' என்றேன்.

'இல்ல சார். பேர் வரலியே.'

இந்தக் கட்டுரை அந்தப் பதிலிலிருந்துதான் கிளம்பியது. அவர் நோட்டு திறந்த நாளிலிருந்து நடந்த நிகழ்ச்சிகளிலெல்லாம் உண்மையில் எதிர்பாராதது ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஊரையும் பாஷையையும் விட்டு வந்த ஒருவன், நள்ளிரவில், இரும்புத்தூள் படிந்த திட்டில், பெயர் தெரியாத ஒரு குரலின் ஒரு கணத்தைக் கண்டுபிடித்து, அதை விட மனமில்லாமல் சோற்றை ஆறவிட்டான். இதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

5

யந்திரத்தின் விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை சொன்னதெல்லாம் ரசனை பற்றிய ஒரு சில்லறைச் சச்சரவு என்று யாராவது நினைத்தால், 2023-க்குப் பிறகு அது அப்படி இல்லை.

இறந்தவர் குரல் வெளியே வருவது புதிதல்ல. 2021-ல் 'அண்ணாத்த' படத்தில் ரஜினிக்கு பாலசுப்ரமணியம் பாடியது அவர் இறந்து ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்தது. அது அவர் உயிரோடு இருந்தபோது பாடிவைத்தது; கடிதம் தாமதமாகக் கைக்குக் கிடைத்தது போல. ஆனால் 2023 நவம்பரில் வந்த 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் கேட்டது, அவர் பாடாத ஒன்று. செயற்கை நுண்ணறிவால் அவர் குரலைச் செய்து பயன்படுத்தியிருந்தார்கள். அனுமதி கேட்கவில்லை என்று 2024 தொடக்கத்தில் குடும்பத்தார் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள். 2017-ல் தன் பாட்டுகளை அனுமதியில்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து பாலசுப்ரமணியத்துக்கே ஒரு நோட்டீஸ் போனது வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏழு வருஷத்தில் கேள்வி, பாட்டு யாருடையது என்பதிலிருந்து குரல் யாருடையது என்பதற்கு நகர்ந்துவிட்டது.

தமிழிலும் இது வந்தாயிற்று. 2024-ல் 'லால் சலா'மில் ஷாகுல் ஹமீதும் பம்பா பாக்யாவும், 'கோட்'டில் பவதாரிணி, 'வேட்டைய'னில் மலேசியா வாசுதேவன். இவற்றைக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு செய்தார்கள் என்று சொல்லப்பட்டது; சட்டப்படி குறை காண ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். என் கேள்வி சட்டம் பற்றியதல்ல, காது பற்றியது.

பாலசுப்ரமணியம் மாதிரியே செய்யப்பட்ட ஏதோ ஒரு பாட்டை, படத்தில் அல்ல, யாரோ பொழுதுபோக்குக்குச் செய்து பரப்பியதை, ஒருநாள் மீஞ்சூர் ஸ்டேஷனில் யார் போனிலோ கேட்டுவிட்டு நண்பர் என்னைக் கூப்பிட்டார். குரல் தழுதழுத்தது. வெளிவராத பாட்டு ஒன்று அகப்பட்டுவிட்டது என்றார். அன்று இரவே நோட்டில் ஏறியது. இரண்டு நாள் கழித்து உண்மை தெரிந்து அடித்தார். அடித்த கோடு தாளைக் கிழித்திருக்கிறது. நான் பார்த்தேன். அவருக்குக் கோபம் யந்திரத்தின் மேல் இல்லை, தன் மேல். 'எப்படி சார் ஏமாந்தேன்? இத்தனை வருஷம் கேட்டும்?'

எப்படி ஏமாந்தார் என்பது நியாயமான கேள்வி. பதிலும் கடுமையானதுதான். அவர் காதுக்கு அடையாளம் தெரிந்தது நாதத்தின் சாயல் மட்டுமே. முகஜாடை போலக் குரலுக்கும் ஒரு ஜாடை உண்டு. ஜாடையைப் பிடிப்பதுதான் யந்திரத்துக்கு மிகவும் எளிது. பெயரைத் தேடிப் பழகிய காது குரலைக் கேட்டபோதும் பெயரையே கேட்டிருக்கிறது: 'இது பாலு' என்ற அளவில் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் அந்தக் குரல் என்ன செய்கிறது என்று போகவில்லை.

என்ன செய்தது அந்தக் குரல்? 'கேளடி கண்மணி'யில் (1990) மூச்சுவிடாமல் பாடியதாகப் பேர்பெற்ற ஒரு பாட்டு இருக்கிறது. முப்பத்தைந்து வருஷமாக நாம் அதைச் சர்க்கஸ் மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர் மூச்சு விடாத இடத்தை எண்ணினோமே ஒழிய, மூச்சு விட்ட இடங்களைக் கவனிக்கவில்லை. அவர் கலை மூச்சு விட்ட இடங்களில் இருக்கிறது. வார்த்தையை எங்கே பிளப்பது, எந்த மெய்யெழுத்தை மைக்குக்கு அருகில் வைத்து எதைத் தள்ளி வைப்பது, அடியின் கடைசி ஸ்வரத்தை முடிக்காமல் பேச்சாக எங்கே உதிர்ப்பது, சிரிப்பை எவ்வளவு காட்டி எவ்வளவு மறைப்பது என்பவை அவர் எடுத்த முடிவுகள். முறையான கர்நாடக சங்கீதப் பயிற்சி இல்லாத அவர் 'சங்கராபரணம்' (1980) படத்தில் ஒரு வித்வானுக்குப் பாடினார். வித்வான்கள் பாடுவது போலப் பாடிவிட்டார் என்பது அதற்குக் கிடைத்த பாராட்டு. இது தவறான பாராட்டு. தனக்கு இல்லாத ஒரு பாரத்தைத் தாங்குகிற பாவனையை எந்த இடத்தில் நிறுத்தினால் அது பாசாங்காகாது என்று தெரிந்துவைத்திருந்தார் என்பதே சரி. பீகார்ப் பையன் பின்னுக்குத் தள்ளித் தள்ளிக் கேட்டதும் இப்படி ஒரு முடிவைத்தான். அவனுக்குப் பெயர் தெரியாது. முடிவு தெரிந்தது.

மூச்சின் சத்தத்தையும் யந்திரம் போட்டுக் கொடுக்கும். ஆனால் அது மூச்சு தீர்ந்து போட்டதல்ல. அங்கே தீர்வதற்கு ஒன்றுமில்லை.

இன்னொன்று. இந்தப் பாட்டுகளில் பெரும்பாலும் நடப்பது இது: உயிரோடு இருக்கும் ஒருவர் முதலில் பாடுகிறார். அந்தப் பாட்டின் மேல் இறந்தவரின் ஜாடை பூசப்படுகிறது. அதாவது எங்கே நிறுத்துவது, எங்கே குழைவது என்ற முடிவுகளெல்லாம் அந்த உயிரோடு இருப்பவருடையவை. சில இடங்களில் அவர் பெயரும் சொல்லப்படுகிறது. பல இடங்களில் சொல்லப்படுவதில்லை. 1949-ல் பாடியவள் பெயரை ஒரு பாத்திரத்தின் பெயர் மறைத்தது. இன்று பாடியவன் பெயரை ஒரு மகா பாடகரின் பெயர் மறைக்கிறது. முகத்துக்குப் பின்னால் குரல் ஒளிந்திருந்த காலம் போய், குரலுக்குப் பின்னால் இன்னொரு பாடகன் ஒளிந்திருக்கும் காலம். ரசிகன் பெயர் தேடக் கிளம்பிய பழைய நியாயம் இன்னும் உயிரோடு இருக்குமானால், அது தேட வேண்டியது பாலசுப்ரமணியத்தின் பெயரை அல்ல. அந்த இன்னொருவன் பெயரை.

6

நம் வட்டத்துக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சம்பந்தம் நேரடியானது.

க.நா.சு. பட்டியல் போட்டார். பட்டியல் விமர்சனம் என்று அவரைக் கேலி செய்து நாம் வளர்ந்தோம். அவர் பட்டியலாவது படிக்காதவனைப் படிக்கத் தூண்டியது. பெயரைக் கேட்டவன் புத்தகத்தைத் தேடிப் போனான். நாம் இப்போது செய்வது அதுகூட அல்ல. ஞாயிற்றுக்கிழமை மலரைப் பிரித்ததும் நம்மில் எத்தனை பேர் முதலில் கட்டுரையைப் படிக்கிறோம், எத்தனை பேர் பெயரைத் தேடுகிறோம்? மௌனியின் பெயர் ஒரு சினிமா வசனத்தில் வந்துவிட்டால் போன் பறக்கிறது. மௌனியின் ஒரு வாக்கியம் ஏன் அந்த இடத்தில் முறிகிறது என்று சொல்லி யாரும் யாருக்கும் போன் செய்வதில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பில் வந்தால், பரிசுப் பட்டியலில் ஏறினால், பாடத்திட்டத்தில் சேர்ந்தால் என்று நம்மிடமும் ஒரு நோட்டு இருக்கிறது. நண்பருடைய நோட்டு நேர்மையானது. அவர் அதை விமர்சனம் என்று சொல்லிக்கொள்வதில்லை.

யந்திரம் இங்கேயும் வந்தாயிற்று. புதுமைப்பித்தன் மாதிரி நாலு பக்கம் கேட்டால் எழுதித் தருகிறது. மாதிரி இருக்கும். கிண்டல் இருக்கும், அந்த வெட்டுகள் இருக்கும், நெல்லைப் பேச்சு இருக்கும். பெயரை மட்டும் தெரிந்து வைத்திருப்பவன் ஏமாறுவான், மீஞ்சூர் ஸ்டேஷனில் நண்பர் ஏமாந்த மாதிரியே. ஏமாறாமல் இருக்க ஒரே வழி அந்த எழுத்து எந்த இடத்தில் மூச்சு விட்டது என்று ஏற்கெனவே தெரிந்திருப்பது. விமர்சனம் என்பதற்கு இதைத் தவிர வேறு வேலை எப்போதும் இருந்ததில்லை. முன்பு அதைச் செய்யாவிட்டால் ரசனை மந்தமாயிற்று, அவ்வளவுதான். இப்போது செய்யாவிட்டால் எது எழுதப்பட்டது, எது எழுதப்பட்டதல்ல என்பதே தெரியாமல் போய்விடும்.

7

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரும் நானும் அவர் வண்டியில் ஜனப்பன்சத்திரம், பெரியபாளையம், வெங்கல் வழியாகத் தாமரைப்பாக்கம் போனோம். கொசஸ்தலையாற்றில் தண்ணீர் இல்லை. பண்ணை வீட்டுக்கு வெளியே ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்றோம். நாங்கள் நின்ற நேரத்தில் யாரும் அங்கே பாட்டுப் போடவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

திரும்பும்போது டீக்கடையில் இந்தக் கட்டுரையில் எழுதியதை எல்லாம் அவரிடம் சொன்னேன். பெயர், குரல், முடிவு எல்லாம். பொறுமையாகக் கேட்டார். அந்தப் பையன் கேட்ட இடத்தை நோட்டில் எழுதத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். அதற்கு ஐந்தாவதாக ஒரு கட்டம் போட வேண்டும், பழைய பக்கங்களில் இடம் இருக்காது, புது நோட்டு வாங்க வேண்டும் என்றார். பிறகு டீயை முடித்துவிட்டுக் கேட்டார்:

'நீங்க சொல்றது சரிதான் சார். ஆனா எங்கியோ எதிர்பாராம பேரு வந்தா சந்தோஷமா இருக்கே, அத என்ன பண்றது?'

நான் பதில் சொல்லவில்லை. 2024-ல் சென்னையில் காம்தார் நகர் ரோட்டுக்கு அவர் பெயர் வைப்பதாக அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்ததும் நானேதான் நண்பருக்கு முதலில் போன் செய்தேன்.